குடிக்கக் கொஞ்சம் வெள்ளம்

தில்லியிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் தெற்கே வருகிறவர்களுக்கு இது பழகிப்போயிருக்கும். கோவை வரை ஜன்னலோரம் "தண்ணி, தண்ணி" என்று கேட்டுக்கொண்டிருந்த குரல், வாளையாரைத் தாண்டி பாலக்காட்டில் வண்டி நின்றதும் "வெள்ளம், வெள்ளம்" என்று மாறிவிடும். புதிதாக வருகிற தமிழர் ஒரு கணம் வெளியே எட்டிப் பார்ப்பார். பிளாட்பாரம் காய்ந்துதான் கிடக்கும். விற்பவர் கையில் இருப்பது ஒரு லிட்டர் பாட்டில். பக்கத்துக் குழாயின் மேல் எழுதியிருப்பதை மலையாளம் தெரிந்த யாராவது படித்துச் சொன்னால் இன்னும் வேடிக்கை: "குடிவெள்ளம்".

தமிழும் மலையாளமும் ஒரே சொல்லை இரண்டு விதமாகப் பயன்படுத்துவதைப் பற்றி நிறைய நகைச்சுவைத் துணுக்குகள் உண்டு. நமக்குப் பட்டி என்றால் ஊர் அல்லது ஆட்டுக் கொட்டில், அவர்களுக்கு நாய். நமக்குச் சம்சாரம் வீட்டில் இருக்கிறவர். அவர்களுக்கு அது பேச்சு. இவையெல்லாம் ஆபத்தில்லாதவை. ஊரும் நாயும் வெகு தூரம், வாக்கியத்தில் இடறியதும் தெரிந்துவிடும். 'வெள்ளம்' அப்படியில்லை. இரண்டு மொழியிலும் பொருள் ஒன்றே, நீர்தான். வித்தியாசம் அளவில் இருக்கிறது. டம்ளரில் இருந்தாலும் மலையாளிக்கு அது வெள்ளம். கரையை உடைத்தால்தான் நமக்கு வெள்ளம். அதனால்தான் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைக்கிறவர்களை இந்தச் சொல் மற்ற எதையும்விட அதிகம் சோதிக்கிறது. தவறாகப் பெயர்த்த வாக்கியமும் பார்வைக்குச் சரியாகவே இருக்கும்.

மலையாளிகள் சொல்லின் பொருளைச் சுருக்கிவிட்டார்கள் என்று நம் பக்கத்துப் பண்டிதர்கள் சிலர் குறைப்பட்டுக் கொள்வதுண்டு. அதற்கு அவசியமில்லை. பழைய தமிழில் வெள்ளத்துக்குக் கடல், மிகுதி என்றெல்லாம் பொருள் உண்டு. அது ஒரு பேரெண்ணின் பெயரும்கூட. கம்பன் வானரப் படையை எழுபது வெள்ளம் என்று கணக்குச் சொன்னது அந்த எண்ணில்தான். அந்தப் பெருக்கம் முழுவதும் நம்மிடம் தங்க, அடியில் இருந்த நீர் அவர்களிடம் தங்கியது. அதுவும் முழுவதும் அவர்களிடம் போய்விடவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாருங்கள். "கொஞ்சம் வெள்ளம் குடிக்கிறீளா?" என்று தமிழிலேயே கேட்பார்கள். 1956 நவம்பர் 1-ம் தேதி மாநில எல்லை மாறியது. குடத்துக்குள் இருந்தது மாறவில்லை.

மலையாள வீடுகளில் இந்தச் சொல்லின் குடும்பம் பெரிது. இளநீர் கரிக்கின்வெள்ளம், எலுமிச்சைச் சாறு நாரங்காவெள்ளம், வடித்த கஞ்சி கஞ்ஞிவெள்ளம். சாப்பாட்டுக் கடையில் கேளாமலே வரும் சூடான சீரகவெள்ளம், சுக்குவெள்ளம். மாதா கோயிலிலிருந்து சீசாவில் கொண்டுவரும் புனித நீர்கூட சிரியன் கிறிஸ்தவர்களுக்கு ஹன்னான் வெள்ளம்தான். எதுவும் கலக்காத வெறும் தண்ணீர் பச்சைவெள்ளம். ஒருவர் ஆங்கிலத்தைப் 'பச்சைவெள்ளம் போலே' பேசுகிறார் என்றால் சரளமாகப் பேசுகிறார் என்று அர்த்தம். இதை மொழிபெயர்க்கத் திண்டாட வேண்டியதில்லை. 'அவருக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு' என்று நாமும் அதே நீரில்தான் நிற்கிறோம்.

இந்த ஒற்றுமை மதுக்கடை வரை நீள்கிறது. நாம் தண்ணி அடிக்கிறோம், அவர்கள் வெள்ளமடிக்கிறார்கள். நீரைக் குறிக்கும் அன்றாடச் சொல்லை எடுத்து, அதே 'அடி'யைச் சேர்த்து, இரண்டு மொழியும் சாராயத்துக்கு ஒரே மாதிரி முகமூடி மாட்டியிருக்கின்றன. யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்ற ஆராய்ச்சியைப் பல்கலைக்கழகங்களுக்கு விட்டுவிடலாம். 2021-ல் ஜெயசூர்யா நடித்து 'வெள்ளம்' என்ற படம் வந்தது. குடிக்கு அடிமையான ஒருவனின் கதை. அவருக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதும் வாங்கிக் கொடுத்தது. பெயரைத் தமிழ் எழுத்தில் அப்படியே போட்டால் ஏதோ ஆறு உடைத்த கதை என்று நினைப்போம். 'நீர்' என்றால் கவிதைத் தொகுப்பு. 'தண்ணி' என்று கொச்சையாகச் சொன்னால் மட்டுமே மூலத்தின் இரண்டு அர்த்தமும் வந்து நிற்கிறது. நல்ல தமிழ் கைவிடும் இடத்தில் தெருத் தமிழ் கைகொடுப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மலையாளத்தில் வெள்ளத்தின் குணத்தைத் தீர்மானிப்பது பக்கத்தில் வரும் சொல். 'வெள்ளத்திலாணு' என்ற ஒரே பதத்தைப் பாருங்கள். ஆளைச் சொன்னால் போதையில் இருக்கிறார். வீட்டைச் சொன்னால் மூழ்கியிருக்கிறது. போட்ட பணத்தைச் சொன்னால் தொலைந்தது என்று பொருள். பத்திரிகைத் தலைப்புகள் இந்தச் சொல்லை விட்டுவைப்பதே இல்லை. திருடன் போலீசை 'வெள்ளம் குடிப்பிச்சான்' என்றால் அலைக்கழித்தான். நம் ஊர்த் திருடன் தண்ணி காட்டுவான். சட்டத்தில் 'வெள்ளம் சேர்த்து' என்றால் அதை நீர்த்துப்போகச் செய்துவிட்டார்கள். ஒன்றைப் பார்த்து 'வெள்ளமிறக்கி' நின்றான் என்றால் ஆசையில் எச்சில் விழுங்கினான். 'வெள்ளமிறங்ஙி' என்று ஒரு எழுத்து மாறினால் ஊரில் புகுந்த நீர் வடிந்துவிட்டது. காவல்துறை சொன்னதை நிருபர் 'வெள்ளம் தொடாதெ விழுங்கினார்' என்று ஒரு பிரயோகம் உண்டு. மாத்திரைக்குக்கூடத் தண்ணீர் வேண்டும், இவர் அதுவும் இல்லாமல் விழுங்கிவிட்டாராம். இதற்குச் சமமாகத் தமிழில் இவ்வளவு கூர்மையான ஒன்று இல்லை. நம் நிருபர்களுக்கும் தேவைப்படுகிற சொல் என்பதால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

2023 பிப்ரவரியில் கேரளத்தில் குடிநீர்க் கட்டணத்தை லிட்டருக்கு ஒரு காசு உயர்த்தினார்கள். அங்கே அதன் பெயர் வெள்ளக்கரம். தமிழ்க் கண்ணுக்கு அது வெள்ளத்தின் கை.

சரி, குடிக்கிற தண்ணீரே வெள்ளம் என்றால் நம்முடைய வெள்ளத்துக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள்? வெள்ளப்பொக்கம் என்பார்கள். நீர் பொங்கி உயர்வது. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் கொல்லம் ஆண்டு 1099-ல் நடந்ததால் இன்றும் 'தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளப்பொக்கம்'. அதில் மூணாற்றின் ரயில் பாதையே போய்விட்டது. தகழி சிவசங்கரப் பிள்ளையின் புகழ்பெற்ற சிறுகதை 'வெள்ளப்பொக்கத்தில்'. குடும்பம் வள்ளத்தில் ஏறித் தப்பிக்க, விடுபட்டுப்போன நாய் கூரைமேல் நின்று மூழ்கிய ஊரைப் பார்க்கும் கதை அது. தமிழில் தலைப்பு 'வெள்ளத்தில்' என்று சுருங்கிவிடும். வேறு வழியில்லை. நம் வெள்ளத்தில் பொக்கமும் அடங்கிவிட்டது.

2018 ஆகஸ்டில் கேரளப் பத்திரிகைகளுக்கு வெள்ளப்பொக்கம் போதவில்லை, 'பிரளயம்' என்றே எழுதின. நமக்குப் பிரளயம் என்றால் யுக முடிவு. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்த பேரிடருக்கு அந்தச் சொல் மிகை என்று சொல்ல மனம் வராது. ஆனால் அதைத் தமிழில் 'வெள்ளம்' என்றுதான் எழுத வேண்டியிருந்தது. ஆக, அவர்களுடைய பிரளயம் நமக்கு வெள்ளம், அவர்களுடைய வெள்ளம் நமக்குத் தண்ணீர். படிக்கட்டில் எல்லாம் ஒரு படி இறங்கிவிடுகிறது.

இதில் விளையாட்டு முடிந்துவிடும் இடம் ஒன்று உண்டு. அந்த ஆகஸ்டில் மொட்டைமாடிகளிலும் இரண்டாவது மாடிகளிலும் மாட்டிக்கொண்டவர்கள் கைபேசியில் உதவி கேட்டு எழுதினார்கள். அரக்கோணத்திலிருந்து தேசிய பேரிடர் மீட்புப் படை போயிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து லாரி லாரியாகச் சாமான்கள் போயின. அப்படிப்பட்ட நேரத்தில் "வீட்டில் வெள்ளம் கயறி" என்பதும் "வீட்டில் வெள்ளமில்ல" என்பதும் ஒரே குடும்பத்திலிருந்து வரக்கூடிய செய்திகள். முதலாவதற்கு 'தண்ணீர் புகுந்துவிட்டது, படகு வேண்டும்' என்று பொருள். இரண்டாவதைத் தமிழ்க் காதால் கேட்டால், அப்பாடா, அந்த வீட்டில் வெள்ளம் இல்லை, அடுத்த வீட்டைப் பார்ப்போம் என்று தோன்றும். அவர்கள் சொல்வதோ குடிக்க ஒரு சொட்டு இல்லை என்று. மூழ்கிய ஊரில் முதலில் தீர்ந்துபோவது குடிநீர்தான். கிணறு கெட்டுவிடும், மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது.

குட்டநாட்டுக்காரர்களுக்கு இது ஒவ்வொரு மழைக்காலத்து அனுபவம். கடல் மட்டத்துக்குக் கீழே வயல் வைத்து, வரம்பு கட்டி, நீரை இறைத்து வெளியேற்றி நெல் விளைவிக்கும் ஊர் அது. அங்கே வெறுமனே வெள்ளம் என்று சொன்னால் போதாது, எந்த வெள்ளம் என்று கேட்பார்கள். மலையில் மழை பெய்து ஆறுகள் கொண்டுவருவது கிழக்கன் வெள்ளம். கடலிலிருந்து ஏறி வரும் உப்புநீர் ஓருவெள்ளம். நம் 'உவர்' ஞாபகம் வருகிறதல்லவா? அந்த ஓருவெள்ளத்தைத் தடுக்க வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே கட்டிய தடுப்பணை இருக்கும் ஊரின் பெயர் தண்ணீர்முக்கம். மலையாளி தன் வாயிலிருந்து தண்ணீரை அநேகமாக இறக்கிவிட்டார். ஊர்ப் பெயரிலும், தண்ணீர்ப்பந்தலிலும், தர்ப்பூசணியைக் குறிக்கும் தண்ணிமத்தனிலும் அது மிச்சமிருக்கிறது. சதுப்பு நிலத்துக்கு அரசாங்கம் வைத்த பெயரிலும் உண்டு. 2008-ல் நிறைவேறிய சட்டம் நெல்வயல் - தண்ணீர்த்தடப் பாதுகாப்புச் சட்டம்.

மலையாளக் கிழவிகளின் வசவு ஒன்று: "நீ வெள்ளமிறங்ஙி சாகில்ல." தமிழர் கேட்டால், வெள்ளத்தில் இறங்கிச் சாகமாட்டாய் என்று பாட்டி ஆசீர்வாதம் செய்கிறாள் என்று நினைத்துக் கும்பிடு போட்டுவிடலாம். சாகும் நேரத்தில் ஒரு வாய் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காமல் போவாய் என்பது அதன் பொருள். இதைவிடக் கொடிய சாபம் மலையாளத்தில் குறைவு.

நேர் எதிரான ஒன்றும் இருக்கிறது. அங்கே நல்லெண்ணமாகச் சொல்லப்படுவது இங்கே சாபமாகக் கேட்கும். முல்லைப் பெரியாறு பற்றிக் கேரளத்தில் வெகுகாலமாகச் சொல்லப்பட்டு வரும் கோஷம்: "தமிழ்நாட்டினு வெள்ளம், கேரளத்தினு சுரக்ஷ." சில மேடைகளில் வெள்ளத்துக்குப் பதில் ஜலம் என்று வரும். வெள்ளம் என்றே வரும்போது, மொழிபெயர்க்காமல் எல்லை தாண்டினால் என்ன ஆகும்? தமிழ்நாட்டுக்கு வெள்ளம், எங்களுக்குப் பாதுகாப்பு! கம்பத்தில் நின்று இதைக் கேட்பவருக்கு ரத்தம் கொதிக்காதா? 'தமிழ்நாட்டுக்குத் தண்ணீர், கேரளத்துக்குப் பாதுகாப்பு' என்று எழுதினால் மட்டுமே அதை ஒரு பேச்சுவார்த்தையின் முதல் வரியாகவாவது எடுத்துக்கொள்ள முடியும். அதை ஏற்பதும் மறுப்பதும் பிறகு. 1886-ல் 999 வருடக் குத்தகையாகக் கையெழுத்தாகி, 1895-ல் கட்டி முடித்து, 2014-ல் உச்ச நீதிமன்றம் 142 அடியை உறுதி செய்த பிறகும் ஓயாத வழக்கு இது. அணையின் பலத்தைப் பற்றிப் பொறியாளர்கள் சண்டை போடட்டும். சொல்லின் பெயரால் இன்னொரு சண்டை வேண்டாம் என்பது என் கட்சி.

அதே அணையின் நீர் இரண்டு பக்கம் போகிறது. சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்குவது தேனி மாவட்டத்துக்கு. அங்கே ஜூன் மாதம் நாற்றங்காலுக்குக் காத்திருப்பவர்கள் "தண்ணி விட்டாச்சா?" என்று கேட்கிறார்கள். ஷட்டர் திறந்தால் மேற்கே பெரியாற்றில் போவது வள்ளக்கடவு, வண்டிப்பெரியாறு பக்கம். 2021 டிசம்பர் தொடக்கத்தில் ராத்திரியில் ஷட்டர் திறந்து, ஆற்றோர வீடுகளுக்குள் நீர் வந்தது. அதற்குப் பிறகு மழை வலுத்தால் அங்கேயும் அதே கேள்விதான், தூங்காமல் கேட்கிறார்கள்: "வெள்ளம் விட்டோ?"