தண்டனை தீர்வாகாது
புதிய கல்வியாண்டு தொடங்கும் வேளையில், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடுள்ள குழந்தைகளை ‘அடங்காதவர்கள்’ என்று முத்திரை குத்தும் போக்கைப் பள்ளிகள் கைவிட வேண்டும். திட்டமிடுதல், நினைவில் நிறுத்துதல், பொறுத்திருத்தல் ஆகிய திறன்கள் இவர்களுக்குத் தாமதமாகக் கைகூடுவது மூளை வளர்ச்சி சார்ந்தது, ஒழுக்கக்கேடு அன்று. 4, 5 வயதுக் குழந்தைகளுக்கு, மருந்துக்கு முன்பாகப் பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சியையே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019 வழிகாட்டுதல் வலியுறுத்துகிறது. வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தல், உடனடிப் பாராட்டு, பெற்றோருக்குச் செல்லும் அன்றாட நடத்தைக் குறிப்பு ஆகியவை அதிகச் செலவின்றி வகுப்பறையில் பலன் தருபவை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் இக்குறைபாடு தனியே இடம்பெறவில்லை. மத்திய அரசு அதைச் சேர்க்க வேண்டும். மாநில அரசுகள் மேற்சொன்ன வகுப்பறை வழிமுறைகளை ஆசிரியர் பயிற்சியில் கட்டாயமாக்க வேண்டும்.