மணியை மாற்றுங்கள், வயரைக் கழற்றாதீர்கள்

 

வாசலில் உள்ள பழைய வயர் மணியை போனோடு இணைப்பது எப்படி என்று இப்போது பதுளையில் பலரும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளை ஒரு கெமரா மணியை அனுப்பிவிடுகிறது. பொருத்த வருபவர் முதலில் சொல்வது, "பழசைக் கழட்டி வீசுங்க" என்பதுதான். நாமும் தலையாட்டுகிறோம். அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இந்தப் பதிவு.

கழற்றத் தேவையே இல்லை. சுவிட்சை அழுத்தும்போது மணிக்குப் போகும் கரண்டே ஒரு ரிலேயையும் இயக்கும். அந்த ரிலேயின் கரண்ட் இல்லாத இரண்டு முனைகளை, வயர் பூட்டக்கூடிய ஒரு வயர்லெஸ் சென்சரில் கொடுத்தால் போதும். வீட்டுக்குள் டிங்-டொங், போனில் செய்தி, இரண்டும் வரும். நம் மணி நேரே 230 வோல்ட்டில் ஓடுகிறதா, ட்ரான்ஸ்ஃபோமர் வழியாகக் குறைந்த வோல்ட்டில் ஓடுகிறதா என்று பார்த்து அதற்கேற்ற ரிலேயை வாங்க வேண்டும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, வேலை தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும்.

"பழசுக்கும் கரண்ட் வேணும்தானே?" என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் அதற்குக் கரண்ட் மட்டும் போதும். புதியதற்குக் கரண்ட் வேண்டும், ரவுட்டர் வேண்டும், டவர் வேண்டும், எங்கோ தூரதேசத்து சேர்வர் வேண்டும், போனில் சார்ஜும் வேண்டும். ஐந்தில் ஒன்று அறுந்தாலும் மணி ஊமை.

ஊமையானதை நாம் பார்த்தோம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கரண்ட் போனது, டவர்கள் செயலிழந்தன, பாதைகள் அறுந்தன. நாடு முழுவதும் 600-க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் நமது பதுளையும் ஒன்று. எச்சரிக்கைகள் இணையத்திலும் போனிலும் வந்துகொண்டிருந்தன. சிக்னல் இல்லாத லயத்துக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? போய்ச் சேர்ந்தாலும் தமிழில் இருந்ததா என்ற கேள்வி அப்போதே பரவலாக எழுந்தது.

இது முதல் தடவையும் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. அறிவிப்பு காகிதத்தில் இருந்தது, சனங்கள் லயத்தில் இருந்தார்கள். போக வேறு காணி இல்லை. காலையில் பெரட்டுக்கு ஆளை எழுப்ப அந்தக் காலத்தில் தப்பு அடித்தார்கள். வேலைக்கு எழுப்பத் தெரிந்த தோட்டங்களுக்கு உயிர் காக்க எழுப்பத் தெரியாதா?

கணக்கு ஒன்றும் இரகசியம் இல்லை. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 பெய்தால் செம்மஞ்சள். 150 பெய்தாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ சிவப்பு, வீட்டை விட்டு வெளியேற வேண்டும். நேரான சுவருள்ள ஒரு போத்தலும் அடிமட்டமும் இருந்தால், நாம் படிப்பிக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையே அளந்து சொல்லும்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான். ஆபத்து என்று அடையாளம் கண்ட ஒவ்வொரு லயத்திலும் பெட்டரியில் ஓடும் சைரன் ஒன்று வேண்டும், அதுவும் போனால் கையால் அடிக்க ஒரு மணி வேண்டும். பள்ளிவாசல், கோயில், பன்சலை, சேர்ச் எல்லாவற்றின் ஒலிபெருக்கிக்கும் தனி பெட்டரி வேண்டும், தமிழிலும் சிங்களத்திலும் அறிவிக்க வேண்டும். இரவில் பாடசாலையைத் திறக்கும் சாவி யாரிடம் என்று லயத்துக்கே தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கதவை யார் தட்டுவது என்ற பட்டியல் மழைக்கு முன்பே எழுதப்பட வேண்டும்.

"அது அரசாங்கத்தின் வேலை, தோட்ட நிர்வாகத்தின் வேலை" என்பார்கள். உண்மை. பாதுகாப்பான காணியும் வீடும் அவர்கள் கொடுக்க வேண்டிய கடன், எந்த மணியும் அதற்கு ஈடாகாது. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் பள்ளிவாசலுக்கு ஏசி பூட்டச் சந்தா சேர்க்கத் தெரிந்த நமக்கு, ஒரு பெட்டரி வாங்க அமைச்சரின் கையெழுத்து தேவையில்லை.

ஒரு வீட்டு வாசலில் மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையென்றால் திரும்பிவிட வேண்டும் என்பது மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த ஒழுங்கு. மலை சரியும் இரவில் மூன்றோடு திரும்பாதீர்கள். கதவு திறக்கும் வரை தட்டுங்கள். அது யார் வீட்டுக் கதவாக இருந்தாலும் சரி.

அடுத்த மழைக்கு முன் நம்மைச் செயற்பட வைப்பானாக. ஆமீன்.