எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்கலீங்க

போன மாசம் சென்னையிலிருந்து ரெண்டு பேர் கார்ல வந்தாங்க. ஈசிஆர் பக்கம் ரிசார்ட் கட்டுறாங்களாம். கிணத்துக் கொட்டகையில இருக்கிற எங்க பழைய ஆயில் எஞ்சினை இருபத்தஞ்சாயிரத்துக்குக் கேட்டாங்க. பச்சை பெயிண்ட் அடிச்சு, விளக்கு போட்டு வாசல்ல நிறுத்துவாங்களாம். "ஓடுதா ஓடலையான்னு எங்களுக்குக் கவலை இல்லீங்க"ன்னு சொன்னாங்க. அந்த ஒரு வார்த்தைதான் என்னை இதை எழுத வெச்சது.

அந்த எஞ்சின் 1974ல எங்க அப்பா வாங்கினது. அதுக்கு முன்னாடி மாடு கட்டி கவலை இறைச்சாங்க. 6 எச்.பி., நிமிஷத்துக்கு 650 சுத்து, ரெண்டு பக்கமும் கனமான ஃப்ளைவீல். இங்கிலாந்துல டர்ஸ்லிங்கிற ஊர்ல லிஸ்டர் கம்பெனி செஞ்ச மாடல். அதைப் பார்த்து நம்ம குஜராத் ராஜ்கோட்டுல செஞ்சதுதான் எங்ககிட்ட இருக்கறது. கரண்ட் மோட்டார் வந்ததும் எஞ்சின் மூலைக்குப் போயிடுச்சு. இருபது வருஷத்துக்கு மேல கோழி அடைஞ்சுது. "காயலான் கடையில போட்டுடலாம்பா"ன்னு பையன் எத்தனையோ தடவை சொன்னான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பங்குனி மாசம் டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு போச்சு. மாத்திக் கொடுக்க பதினோரு நாள். ஒண்ணரை காணி மல்லாட்டை, விழுது இறங்கற நேரம். அப்ப மண்ணு காஞ்சா விழுது உள்ள இறங்காது, இறங்கினதும் பொக்காப் போகும். வாடகை எஞ்சினுக்கு ஊரே வரிசையில நின்னுது. என் முறை வர்றதுக்குள்ள மூணுல ஒரு பங்கு போயிடுச்சு. கொட்டகையில சொந்த எஞ்சினை வெச்சுக்கிட்டு வாடகை எஞ்சினுக்குக் காத்துக்கிடந்தேன். அந்த வெக்கத்துலதான் ரிப்பேரை ஆரம்பிச்சேன்.

திண்டிவனத்துலேருந்து ஒரு பாயைக் கூட்டிக்கிட்டு வந்தேன். வயசு எழுபத்தொண்ணு. பிஸ்டன் லைனரோட பிடிச்சுக்கிட்டு அசையவே இல்லை. நான் கடப்பாரையை எடுத்தேன். "தம்பி, அவசரப்பட்டா லைனர் கீறிடும்"னு சொல்லி டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து மேல ஊத்தி ஆறு நாள் ஊற வெச்சார். ஏழாம் நாள் மரக்கட்டையை வெச்சு மெதுவா தட்டினதும் இறங்கிடுச்சு. அப்புறம் புது ரிங்கு, ஹெட் கேஸ்கெட், வால்வு கிரைண்டிங். வாட்டர் ஜாக்கெட்டுல உப்புப் படிஞ்சு கல்லாட்டம் இருந்ததைச் சுரண்டி எடுத்தோம். நாசில் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. புகையாட்டம் டீசலைத் தூவினாத்தான் அது நாசில், சொட்டினா கரும்புகைதான் வரும். மெயின் புஷ் மட்டும் லேத்துல கடைஞ்சு போட்டோம். பாய் கூலியும் ஃபுட்வால்வும் சேர்த்து மொத்தம் 9,900 ரூபா.

பெயிண்ட் மட்டும் அடிக்கலை. "எண்ணெய் கசிஞ்சா பெயிண்ட் மறைச்சிடும், துருவுல பட்டுனு தெரியும்"னு பாய் சொல்லிட்டார்.

ஹேண்டிலைச் சுத்தி, வேகம் வந்ததும் டிகம்ப்ரஷன் லீவரை விட்டப்ப, ரெண்டு இருமல் இருமிட்டு டுப் டுப்னு பிடிச்சுக்கிச்சு. பக்கத்து வீட்டு பெரியம்மா "உங்கப்பன் வந்துட்டான்டா"ன்னு சொல்லிக்கிட்டே ஓடி வந்தாங்க.

மறைக்காம சொல்றேன். மணிக்கு ஒண்ணேகால் லிட்டர் டீசல் குடிக்குது. நூறு ரூபாய்க்கு மேல ஆவுது. புகை உண்டு, சத்தமும் உண்டு. கரண்ட்டை விட்டுட்டு எல்லாரும் இதுக்குத் திரும்புங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா இந்த வருஷம் மறுபடியும் நாலு நாள் கரண்ட் இல்லாதப்ப, என் மல்லாட்டையும் பக்கத்துக் கொல்லை கத்திரியும் பிழைச்சது இதனாலதான்.

நகரத்துல இருக்கிறவங்க பழைய பொருள்மேல ஆசை வெச்சிருக்கீங்க, அது எனக்குச் சந்தோஷம்தான். ஏர், உரல், மாட்டு வண்டி எல்லாம் இப்ப ஓட்டல் வாசல்ல நிக்குது. ஆனா வாங்குறவங்க, அதைச் சரி பண்ணத் தெரிஞ்ச ஆள் எங்க இருக்கார்னு கேக்கறதே இல்லை. எஞ்சின் நின்னாலும் இரும்பு இரும்பாவேதான் இருக்கும். ஆனா நின்ன எஞ்சினைத் தேடி எந்த மெக்கானிக்கும் வர மாட்டார். வேலை இல்லேன்னா கத்துக்க ஆள் வராது. பாய்க்கு ரெண்டு பசங்க, ரெண்டு பேரும் வேற தொழிலுக்குப் போயிட்டாங்க. அவர் கைக்குப் பிறகு நாசிலைப் பார்த்து நோய் சொல்ல எங்க பக்கத்துல யாரு?

அதனால ஒரு பழைய மிஷினை வாங்கினா, முதல் காசைப் பெயிண்ட்டுக்குக் கொடுக்காதீங்க, ஓட வைக்கிற கைக்குக் கொடுங்க. மாசத்துல ஒரு நாளாவது ஓட்டுங்க. ஓட்டலேன்னா உள்ள துரு ஏறி மறுபடியும் பிடிச்சுக்கும்.

வந்தவங்களுக்கு மோர் கொடுத்து அனுப்பிட்டேன். எஞ்சினைக் கொடுக்கலை. பையன் முணுமுணுத்தான்தான், ஆனா போன ஞாயித்துக்கிழமை அவனே ஆயில் மாத்தினான். நீங்களும் இந்தப் பக்கம் வந்தா ஒரு தடவை சுத்திப் பாருங்க. கட்டைவிரலை ஹேண்டிலுக்கு மறுபக்கம் கொண்டுபோகாம, மத்த விரலோட சேர்த்தே வெச்சுக்கங்க. எதிர்சுத்து அடிச்சா விரல் தப்பிக்கும்.