இஞ்சின் உறுமுகிறது, கார் நகரவில்லை!

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஜி.எஸ்.டி. ரோடில் தாமே கார் ஓட்டிச் செல்லும் பெண்மணிகளுக்கு இப்போது குறைவில்லை. பலரிடம் இருப்பது ஆட்டோமேட்டிக் கார். ஒரு நாள் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இஞ்சின் உறுமுகிறது. வண்டியோ சண்டி மாடாக நிற்கிறது. "டார்க் கன்வர்ட்டர் போச்சம்மா, கியர் பாக்ஸையே இறக்கணும்" என்கிறார்கள் ஒர்க்ஷாப்பில். கேட்டதும் வயிற்றைக் கலக்குமா, கலக்காதா?

பாயசத்தைக் கரண்டியால் வேகமாகச் சுழற்றுங்கள். கரண்டி படாத முந்திரிப் பருப்பும் கூடவே சுற்றுகிறதல்லவா? கன்வர்ட்டரின் சூட்சுமம் அதுதான். இஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்ற, அது எண்ணெயைச் சுழற்ற, எண்ணெய் எதிரிலுள்ள விசிறியைத் தள்ளுகிறது. 1905-ம் ஆண்டில் ஹெர்மன் ஃபெட்டிங்கர் என்ற ஜெர்மானியர் கப்பலுக்காகக் கண்டுபிடித்த யுக்தி! முந்திரி எப்போதும் கரண்டிக்குச் சற்றுப் பின்தங்கித்தான் சுற்றும். ஆகவே கொஞ்சம் வழுக்கல் இதன் பிறவிக் குணம், நோயல்ல.

வேகம் பிடித்ததும் இரு விசிறிகளையும் ஒன்றாகப் பூட்டுவதற்கு உள்ளே ஒரு கிளட்ச் உண்டு. அது வழுக்கினால்தான் வம்பு. சீராகப் போகும்போதே, ரோடில் வரிசையாகப் போட்ட கோடுகள் மேல் ஓடுவது போல ஒரு நடுக்கம் தெரியும். வெறும் உறுமல் என்றால் எண்ணெய் குறைந்திருக்கலாம். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் மற்றக் கிளட்சுகள் தேய்ந்திருக்கலாம். எல்லாப் பழியையும் கன்வர்ட்டர் தலையில் போடுவானேன்?

அதற்கும் முன்னால், உங்கள் காரில் கன்வர்ட்டர் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். 2014-ல் மாருதி செலிரியோவில் வந்த ஏ.எம்.டி. ரகத்தில் அது கிடையவே கிடையாது. சாதாரணக் கிளட்ச் தட்டுத்தான்; நமக்குப் பதில் யந்திரம் அதை இயக்குகிறது. கியர் அருகே 'பி' என்ற எழுத்து இல்லையானால் பெரும்பாலும் இந்த ரகம். அந்தக் காருக்குக் "கன்வர்ட்டர் போச்சு" என்று ஒருவர் சொன்னால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்! 'பி' இருந்தாலும் கன்வர்ட்டர் உண்டென்று நிச்சயமில்லை. காருடன் தந்த புத்தகத்தைப் பாருங்கள்.

மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நிற்கும்போது, பிரேக்கை விட்டு ஆக்ஸிலரேட்டராலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அந்தச் சக்தி முழுவதும் சூடாக மாறிக் கன்வர்ட்டரின் எண்ணெயைக் காய்ச்சுகிறது, ஏ.எம்.டி.யானால் கிளட்ச் தட்டையே தீய்க்கிறது. பிரேக்கை மிதித்து நில்லுங்கள், அம்மா.

மறைமலை நகர் ஃபோர்டு தொழிற்சாலை 2022-ல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. அங்கே தயாரான ஆட்டோமேட்டிக் எண்டேவரில் இருப்பது அசல் கன்வர்ட்டர். அத்தகைய பழைய வண்டியை வாங்க நினைப்பவர்கள், கியர் பாக்ஸ் எண்ணெயில் இரண்டு சொட்டு வெள்ளைத் துணியில் விடச் சொல்லுங்கள். புது எண்ணெய் பெரும்பாலும் குங்குமச் சிவப்பு. சற்றே மங்கியிருந்தால், கம்பெனி சொன்ன ரக எண்ணெயை மாற்றியதுமே நடுக்கம் நின்றுவிடுவதும் உண்டு. கறுத்து, தீய்ந்த வாடையுடன் உலோகத் துகளும் மின்னினால், விலை பேசவே உட்காராதீர்கள்.