'என்ன கட்டுப்பாடு?' என்று கேட்ட பிள்ளைக்கு வீட்டில் என்ன பதில்?

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாங்குளத்தில் எடுக்கப்பட்ட அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மிட்டாய் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், இனி உங்கள் தெருவுக்குத் தின்பண்டம் கிடையாது, ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார் கடைக்காரர். என்ன கட்டுப்பாடு என்று ஒரு பிள்ளை திருப்பிக் கேட்கிறது. பெரியவர்களுக்கு இடையிலிருந்த பழைய வழக்கின் பகை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் தலையில் இறங்கியிருந்தது.

பிறகு கடைக்கு சீல் வைத்தார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது நடந்தது. அந்தச் சட்டத்தில் இருந்தும் அரிதாகவே எடுக்கப்படும் ஒரு பிரிவின்படி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் 6 மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. இதெல்லாம் நடக்க வேண்டியதுதான். ஆனால் என்னை இன்னும் உறுத்துவது அந்த 'வீட்டில் போய்ச் சொல்லுங்கள்'. தனக்கு நேர்ந்த அவமானத்தைத் தானே சுமந்துபோய் வீட்டில் இறக்கும் தூதாகப் பிள்ளையை ஆக்குகிறது சாதி. அங்கே அதற்கு என்ன பதில் கிடைக்கும்?

என் வீட்டில் கிடைத்த பதில் இது. ஐந்தாம் வகுப்பில், கூடப் படித்தவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பாட்டி என்னை எழுப்பிவிட்டு, உட்கார்ந்த இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா மடியிலிருந்த சுளகை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "விடுய்யா. அங்கன ஏன் போன? நீ படிக்கிற வழியப் பாரு." அன்றிரவு எனக்குப் பிடித்த முட்டைக்குழம்பு வைத்தார். அப்பா ஒன்றும் பேசவில்லை. அதோடு முடிந்தது.

முடியவில்லை என்பது கல்லூரியில்தான் தெரிந்தது. யாராவது "என்னாச்சு?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பேன். விடுதியில் காய்ச்சலில் கிடந்தபோதும் உதவி கேட்க நாக்கு எழவில்லை. என்ன நடந்தாலும் தப்பு என் மேல்தான் என்று முதலில் தோன்றும். இதற்கு உளவியலில் உணர்வுப் புறக்கணிப்பு என்று பெயர். சோறும் துணியும் படிப்பும் கிடைத்த பிள்ளைக்கு, அதன் பயத்தையும் அழுகையையும் கேட்க ஆள் இல்லாமல் போவது. அடித்த தழும்பு தெரியும். நடக்காமல் போன ஒன்றுக்குத் தழும்பு கிடையாது. அதனால்தான் பலருக்கும் தன் வலி என்னவென்றே புரிவதில்லை.

ஆனால் இந்தச் சொல்லை ரீல்ஸில் கேட்டுவிட்டு வந்து அம்மா அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்போது நாம் ஒரு தப்பு செய்கிறோம். அம்மா அன்று உட்காரவைத்துக் கேட்டிருந்தால், நான் "ஏன் கழுவுனாங்க?" என்று கேட்டிருப்பேன். பதில் சொல்லியிருந்தால் மறுநாள் போய்ச் சண்டை போட்டிருப்பேன். அப்பாவுக்கு வேலை அந்த வீட்டுத் தோட்டத்தில்தான். அம்மாவின் மௌனம் என்னைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த ஒரே வழி. அவர் சிறுமியாக இருந்தபோது அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதற்காக என் வலி பொய்யாகிவிடாது. அம்மாவிடம் அன்பு இருந்தது, நான் தனியாக விடப்பட்டேன், இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கியபோதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"சாதியை ஒழிக்காமல் மனசைப் பற்றிப் பேசி என்ன பயன்?" என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அம்பேத்கரைப் பாருங்கள். 1901இல், சிறுவனாக, அப்பாவைப் பார்க்கக் கோரேகாவுக்குப் போன பயணத்தில் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுத்ததையும், குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் தவித்ததையும் முப்பது வருடங்களுக்கு மேல் கழித்து உட்கார்ந்து எழுதினார். சட்டமும் பொருளாதாரமும் எழுதிய கை, அந்தப் பிள்ளையின் தாகத்தையும் எழுதத் தகுந்ததாக நினைத்தது. 2016 ஜனவரியில் நம்மை விட்டுப் போன ரோஹித் வெமுலாவின் கடைசிக் கடிதத்திலும் மீள முடியாத சிறுவயதுத் தனிமை இருந்தது. அதைத் தனி மனிதனின் மனச்சோர்வு என்று ஒதுக்கவும் கூடாது, அரசியல் முழக்கத்துக்குள் தொலைக்கவும் கூடாது.

நாம் செய்யக்கூடியது உண்டு. நம் தெருக்களில் மாலை வகுப்பு எடுக்கிற தோழர்கள், கணக்குக்கு முன்னால் கால் மணி நேரம் "இன்னைக்கு யாராச்சும் மனசு நோகுற மாதிரி பேசினாங்களா?" என்று கேட்கலாம். சொல்கிற பிள்ளைக்கு அறிவுரை வேண்டாம். "அவங்க செஞ்சது தப்பு. உன் மேல தப்பு இல்ல" என்று சொன்னால் போதும். புகார் கொடுப்பது பெரியவர்கள் வேலை. அதை நாம் செய்வோம். பாரம் தாங்காதவர்கள் 14416க்கு அழைக்கலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் திண்ணைக் கதையை எடுத்தேன். மறந்திருப்பார் என்று நினைத்தேன். "கழுவுன தண்ணி உன் டவுசர்ல தெறிச்சிருந்துச்சு" என்றார். பிறகு, நான் கேட்காமலே, தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

பாஞ்சாங்குளத்துப் பிள்ளை கேட்ட கேள்வி ஊரைப் பார்த்துக் கேட்டது. ஊர் பதில் சொல்லும்வரை சட்டத்தோடு நிற்போம். ஆனால் அந்தப் பிள்ளை அன்று மாலை வீட்டுக்குத்தான் வந்திருக்கும். வாசலில் யாராவது உட்கார்ந்து, "என்னய்யா ஆச்சு, சொல்லு" என்று கேட்க வேண்டும்.