போராட்டத்தைப் படிக்க காலேஜ் எதுக்கு?

"எம்.ஏ. சமூகவியல்ல இந்த செமஸ்டர் 'சமூக இயக்கங்கள்'னு ஒரு பேப்பர் இருக்கு."

வானூரில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது தங்கை இப்படிச் சொன்னாள். வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார்.

"போராட்டம் பண்றதைப் படிக்க காலேஜ் எதுக்குடி?"

ஆயா மரக்காணம் உப்பளத்தில் பல வருஷம் வேலை செய்தவர். அதனால் தங்கை உப்பிலிருந்தே பதில் சொன்னாள்.

1930 ஏப்ரல் 13. உப்பு வரியை எதிர்த்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்க ஆரம்பித்தார்கள். இவர்களுக்குச் சோறோ, தங்க இடமோ கொடுத்தால் ஜெயில் என்று எச்சரித்தார் தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! ஏப்ரல் 30-ல் தடையை மீறி உப்பு அள்ளிய ராஜாஜி கைதானார்.

பள்ளிக்கூடத்தில் பாடம் இங்கே முடிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் கேள்விகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. பொட்டலம் கட்டியவர்கள் யார்? ஜெயில் என்று தெரிந்தும் ஏன் கட்டினார்கள்? கடைசியில் யாருடைய வாழ்க்கை மாறியது?

1931-ல் காந்தி - இர்வின் ஒப்பந்தம் வந்தபோதுகூட, உப்பு கிடைக்கும் பகுதி மக்கள் வீட்டுத் தேவைக்கும் தங்கள் ஊருக்குள் விற்பதற்கும் எடுத்துக்கொள்ளத்தான் அனுமதி கிடைத்தது. வரி ஒழிந்தது 1947-ல். நடுவில் 17 வருஷம். ஒரு போராட்டம் முடிவதற்கும் மாற்றம் வந்து சேர்வதற்கும் இடையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இந்தப் பேப்பரில் படிக்கிறார்கள்.

ஆயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வரி போச்சு, சரி. மழை வந்தா உப்பளத்துல வேலை கிடையாது. மாசக்கணக்கா சும்மா உக்காந்திருப்போம். எங்களுக்காக யாரு நடந்தாங்க?"

உப்பளத் தொழிலாளர்களுக்கு இப்போது மழைக்கால நிவாரணமாகத் தமிழக அரசு 5,000 ரூபாய் தருகிறது. ஆயா வேலை பார்த்த காலத்தில் அதுவும் கிடையாது.

"இதைப் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று சித்தி சமையலறையிலிருந்து கேட்டார். ஆசிரியர் வேலை, ஆராய்ச்சி, தொண்டு நிறுவனம், அரசுத் தேர்வு என்று தங்கை அடுக்கினாள். சித்திக்கு முழு நம்பிக்கை வந்த மாதிரி தெரியவில்லை.

ஆனால் புராஜெக்ட்டுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தவள், அன்றைக்கு போனில் ரெக்கார்டரை ஆன் செய்து ஆயா பக்கத்தில் வைத்தாள்.

"ஆயா, அப்போ ஒரு நாள் கூலி எவ்ளோ? அதிலிருந்து சொல்லு."

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஒரு கேள்வி கேட்டுப் பாருங்களேன்!