பரணில் கிடக்கும் இலவச டிவியை இரும்புக்கடைக்குப் போடாதீர்கள்



விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகளில் மூன்று பேர் எனக்கு ஒரே கேள்வியைத் தனித்தனியாக அனுப்பியிருந்தார்கள். "சார், அம்மா வீட்டில் என்னுடைய பழைய டிவி கேம் பெட்டி கிடைத்தது. ஆன் ஆகிறது. ஆனால் ஹாலில் இருக்கிற பெரிய டிவியில் படம் சரியாக வரவில்லை. எச்டிஎம்ஐ ஆக மாற்ற முடியுமா?" மூன்று பேருக்கும் தனியாக எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். நாற்பது நிமிட பீரியடில் உட்கார்ந்து பழகியவர்கள்தானே நீங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் ஒரு மஞ்சள் பின் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாற வேண்டியது பெட்டி இல்லை, டிவி. அந்த டிவி அநேகமாக உங்கள் வீட்டுப் பரணிலேயே இருக்கிறது.

உங்களிடம் இருப்பது என்ன பெட்டி என்று முதலில் பார்ப்போம். 1983 ஜூலையில் நின்டெண்டோ கம்பெனி ஜப்பானில் ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அதன் நகல்கள்தான் தொண்ணூறுகளில் நம் ஊர்ப் பக்கம் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் வந்தன. மரியோ, கான்ட்ரா, டாங்கி சண்டை எல்லாம் அடங்கிய "9999 இன் 1" கேசட் ஞாபகம் இருக்கும். 9999 என்று போட்டிருக்கும். ஓட்டிப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்து ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வரும். கணக்கு வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டிய கேசட்.

இந்தப் பெட்டிகளில் பலவற்றில் படம் டிவியின் ஆன்டெனா துளை வழியாகத்தான் போகும். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னத் தகர டப்பா தெரியும். அது ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம். படத்தையும் ஒலியையும் சேர்த்து ஒரு ரேடியோ அலையின் மேல் ஏற்றி, மூன்றாவது அல்லது நான்காவது சேனலில் அனுப்பும். டிவி அந்த அலையைப் பிடித்துப் படத்தைத் தனியாக, ஒலியைத் தனியாக மறுபடி பிரிக்கும். இப்படி ஏற்றி இறக்குவதில்தான் படம் கலங்குகிறது. புள்ளிபுள்ளியாகக் கொட்டுவதும், பக்கத்தில் மிக்ஸி ஓடினால் கோடு விழுவதும் அதனால்தான்.

ஆக, நியாயமான முதல் வேலை அந்தத் தகர டப்பாவைச் சுற்றிக்கொண்டு போவது. டப்பாவுக்குள் பெரும்பாலும் நான்கு கம்பிகள் போகும்: 5 வோல்ட், கிரவுண்ட், படம், ஒலி. படக் கம்பியை டப்பாவுக்கு முன்னாலேயே பிடித்து, ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு மூன்று ரெசிஸ்டர், ஒரு கண்டன்சர் வழியாக மஞ்சள் பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஒலி வெள்ளைப் பின்னுக்கு. டிரான்சிஸ்டர் எதற்கென்றால், சிப்பில் இருந்து வரும் சிக்னலுக்கு டிவியின் 75 ஓம் சுமையை நேரடியாகத் தாங்கும் தெம்பு இல்லை. எமிட்டர் ஃபாலோயர் என்று பாடம் நடத்தியபோது "சார், இது எதுக்கு சார் உதவும்" என்று கேட்டவர் யாரோ, அவருக்கு இதுதான் பதில். சாலிடரிங் தெரிந்த டிவி மெக்கானிக்குக்கு அரை மணி நேர வேலை. அதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். சில பெட்டிகளில் மஞ்சள் பின் ஏற்கெனவே இருக்கும்; கவனித்திருக்க மாட்டீர்கள்.

உள்ளே கண்டன்சர்களைப் பார்க்கும்போது நம் ஊர்க்காரருக்கு ஒரு பெருமை உண்டு. காசு மாதிரி வட்டமாக, பழுப்பாக இருப்பவை செராமிக். பொம்மையும் இன்சுலேட்டரும் சுடுகிற நம் ஊர்த் தொழிலுக்குத் தூரத்துச் சொந்தம். முப்பது வருடம் ஆனாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். டப்பா மாதிரி நிற்கும் எலக்ட்ரோலைட்டிக் கண்டன்சர்கள் அப்படி இல்லை. உள்ளே இருக்கும் திரவம் காய்ந்துவிடும். படம் மங்கலாகவோ ஆடிக்கொண்டோ வந்தால் முதலில் அவற்றை மாற்றச் சொல்லுங்கள். சில ரூபாய் சமாச்சாரம்.

மஞ்சள் பின் வந்தாயிற்று. இப்போது எல்லோரும் செய்கிற காரியம், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏவி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் குட்டி டப்பாவை வாங்குவது. இங்கேதான் நான் குறுக்கே நிற்கிறேன்.

பழைய டிவி ஒரு முழுப் படத்தை இரண்டு தவணையாக வரையும். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள். நம் நாட்டு முறையில் வினாடிக்கு 50 தவணை. கேம் பெட்டி இதில் ஒரு குறும்பு செய்தது. இரண்டு தவணையையும் ஒரே கோடுகளின் மேலேயே வரைந்தது. அதனால் 240 கோடு உள்ள முழுப் படங்கள் வினாடிக்கு 50 கிடைத்தன. பிக்சர் டியூப்புக்கு இதில் ஒரு சிக்கலும் இல்லை. வருவதை அப்படியே வரைந்துவிட்டுப் போகும். அந்த மலிவு டப்பாவோ, வருகிற இரண்டும் ஒரு படத்தின் இரண்டு பாதிகள் என்று நினைத்து ஒட்டப் பார்க்கிறது, அல்லது ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடுகிறது.

போனால் என்ன என்று கேட்பீர்கள். இந்தப் பெட்டியின் படச் சிப்பால் ஒரே கோட்டில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் வரைய முடியாது. ஒன்பதாவது மறைந்துவிடும். அதனால் ஆட்டம் எழுதியவர்கள் கூட்டம் சேரும் இடங்களில் இந்தத் தவணை சிலவற்றை, அடுத்த தவணை மற்றவற்றை என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். நம் கண் இரண்டையும் சேர்த்துக்கொள்ளும், கொஞ்சம் சிமிட்டுவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். ஒரு தவணையைத் தூக்கிப் போட்டால் பாதி உருவங்களே திரைக்கு வராது. கான்ட்ராவில் கண்ணுக்கே தெரியாத குண்டு பட்டு உங்கள் ஆள் சாவான். பிள்ளை தோற்றதற்குக் காரணம் பிள்ளை இல்லை, டப்பா. போதாததற்குப் பட்டனை அமுக்கிச் சற்றுத் தாமதித்து மரியோ குதிப்பார், குழியில் விழுவார். சதுரமான படத்தை அகலத் திரைக்கு இழுத்து மரியோவுக்குத் தொந்தி வேறு வைத்துவிடும். வாத்து சுடுகிற துப்பாக்கி சுத்தமாக வேலை செய்யாது. விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து போகும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தை அந்தக் கணத்திலேயே பார்க்க வேண்டும். எல்சிடி திரை வெளிச்சத்தைக் காட்டுவதற்குள் நேரம் கடந்துவிடும்.

நல்ல வழிகள் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவின் டிம் வொர்திங்டன் செய்த என்இஎஸ்ஆர்ஜிபி, கெவின் ஹார்ட்டன் செய்த ஹை-டெஃப் என்இஎஸ் ஆகிய இரண்டும் அபாரமான வேலைப்பாடு. ஆனால் இரண்டுக்கும் நின்டெண்டோவின் அசல் சிப் வேண்டும். அதைப் பலகையிலிருந்து கழற்றி எடுத்துத்தான் பொருத்த வேண்டும். நம் ஊர் நகல் பெட்டிகள் பலவற்றில் சிப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பிசின் பொட்டுதான் இருக்கிறது. கழற்ற ஒன்றும் இல்லை. இவை வருவதற்கு முன் தெளிவான படத்துக்காக மேல்நாட்டுக்காரர்கள் பிளேசாய்ஸ்-10 என்ற கடை விளையாட்டு இயந்திரங்களைப் பிரித்து, அதிலிருந்த படச் சிப்பை உருவி வீட்டுப் பெட்டியில் வைத்தார்கள். ஒன்றைக் கொன்று இன்னொன்றுக்கு அலங்காரம். எனக்கு அது பிடிக்கவே இல்லை.

துபாயிலும் டெக்சாஸிலும் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் பழைய டிவிக்கு இடம் இருக்காது என்பது தெரியும். நீங்கள் ரெட்ரோடிங்க் மாதிரி, இந்த 240 கோடு விஷயம் தெரிந்து செய்யப்பட்ட வெளிப்பெட்டியை வாங்குங்கள். விலை அதிகம்தான், ஆனால் பெட்டியை அறுக்க வேண்டியதில்லை. அதற்கும் மஞ்சள் பின்தான் வாசல்.

மற்றவர்கள் பரணுக்கு ஏணி போடுங்கள். 2006 தேர்தலில் சொல்லி, அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, 2011 வரை ரேஷன் கார்டுக்கு ஒன்று என்று கொடுத்தார்களே 14 அங்குல கலர் டிவி, அதைத்தான் சொல்கிறேன். தமிழ்நாடு முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுக்கப்பட்டது. அந்தத் திட்டம் சரியா தவறா என்று கமென்டில் சண்டை போடாதீர்கள். அதற்கு வேறு இடம் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது, இந்தப் பெட்டிகளுக்கு ஏற்ற அளவில், ஏற்ற வகையில், ஒரு மாநிலம் முழுக்க வீட்டுக்கு வீடு பிக்சர் டியூப் டிவி இருந்தது வேறெங்கும் நான் கேள்விப்படாத சங்கதி. அமெரிக்காவில் பழைய டிவிக்காக இன்று ஊர் ஊராகத் தேடி அலைகிறார்கள். நாம் ஒலிபெருக்கி கட்டிய வண்டிக்காரரிடம் பிளாஸ்டிக் குடத்தோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். செம்புச் சுருளுக்காக உடைப்பார்கள். ஈயம் கலந்த கண்ணாடி ஏதோ ஒரு குப்பைமேட்டுக்குப் போகும்.

செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டிவியை இறக்கியதும் ஆன் செய்யாதீர்கள். ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. உள்ளே எலி, பல்லி, தூசி எல்லாம் இருக்கும். மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். நீங்களே திறக்க வேண்டாம், இது வாத்தியார் உத்தரவு. பிக்சர் டியூப்பில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்குப் போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மிச்சம் நிற்கும். விருத்தாசலத்தில் டியூப் டிவி பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் ஒரு சிலர் இருக்கிறார்கள். வேலை வராததால் செல்போன் சர்வீசுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். கேம் பெட்டிக்கு மஞ்சள் பின் வைக்கும் வேலையையும் அவர்களுக்கே கொடுங்கள். பேரம் பேசாதீர்கள்.

கேம் பெட்டியின் அடாப்டரில் கவனம். 9 வோல்ட் என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. நடு முனை பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று பெட்டிக்குப் பெட்டி மாறும். அமெரிக்காவிலிருந்து அசல் பெட்டி கொண்டுவந்தவர்கள் அதன் 110 வோல்ட் அடாப்டரை நம் பிளக்கில் செருகிவிடாதீர்கள். ஜப்பான், அமெரிக்கப் பெட்டி கறுப்பு வெள்ளையில் தெரிந்தால் டிவி மெனுவில் கலர் சிஸ்டத்தை மாற்றிப் பாருங்கள். அவற்றில் வினாடிக்கு 60 படம். பால் முறைக்குச் செய்த நம் ஊர் நகல்களில் 50. அதாவது நீங்கள் சின்ன வயதில் பார்த்த மரியோ, ஜப்பான் பிள்ளை பார்த்த மரியோவைவிட ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியவர். அசல் பெட்டியில் ஆடித் தோற்றுவிட்டு வயதைக் குறை சொல்லாதீர்கள்.

இலவச டிவி வீட்டில் இருந்து, உண்மையாகவே வேண்டாம் என்பவர்கள் கமென்டில் தெரு பெயரை மட்டும் எழுதுங்கள். கேட்டு எழுதிய மூன்று பேரில் இரண்டு பேர் வீட்டில் டிவி ஏற்கெனவே போய்விட்டது. ரிமோட் இருந்தால் அதையும் தேடி எடுத்து வையுங்கள். சில செட்டுகளில் அது இல்லாமல் ஏவி-க்கு மாற முடியாது.